காது கேட்காத தம்பியோடு ஸ்குவாட் விளையாடுகிறோம், வாய்ஸ் சாட்டுக்கு என்ன வழி?

அரியமங்கலம்_ஸ்னைப்பர்:

வணக்கம் மக்களே. கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் சித்தி பையனுக்கு 19 வயது. பிறவியிலேயே காது கேட்காது. சின்ன வயதில் மெஷின் மாட்டிப் பார்த்தார்கள். சத்தம் வருவது தெரிகிறதே தவிர பேச்சு பிரியவில்லை, தலைவலிதான் மிச்சம் என்று பத்தாவது படிக்கும்போது கழற்றி அலமாரியில் வைத்துவிட்டான். இப்போது பாலிடெக்னிக். அவனும் நானும் என்னோடு படித்த இரண்டு பேரும் ஒரு ஸ்குவாட், ராத்திரி ஒன்பதரை ஆனால் பிஜிஎம்ஐயில் (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா, போனில் ஆடுகிற துப்பாக்கிச் சண்டை கேம்) இறங்கிவிடுவோம். சும்மா சொல்லவில்லை, நாலு பேரில் அவன்தான் கெட்டிக்காரன். புல்லுக்குள் படுத்துக் கிடக்கிறவனை, ஜன்னல் ஓரம் துளியூண்டு தெரிகிற ஹெல்மெட்டை எல்லாம் எங்களுக்கு முன்னால் அவன் பார்த்து, எங்கள் திரையிலும் தெரியும்படி மார்க் போட்டுவிடுவான்.

சிக்கல் வாய்ஸில்தான். நாங்கள் மூன்று பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே விளையாடிப் பழகிவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை கடைசி வட்டம், எதிரே இரண்டே பேர் மிச்சம். இவன் பாறைக்கு இந்தப் பக்கம் முன்னால் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான், பின்னால் சரிவில் ஒருத்தன் ஏறி வருகிறான். மூன்று பேரும் ஒரே குரலில் "பின்னாடி, பின்னாடி" என்று கத்துகிறோம். யாரிடம் கத்துகிறோம் என்பது அவன் விழுந்த பிறகுதான் உறைத்தது. மேட்ச் முடிந்ததும் வாட்ஸாப்பில் ஒரு வரி அனுப்பினான்: "நீங்க மூணு பேரும் பேசிக்கிட்டீங்க. என்கிட்ட யாரும் சொல்லல."

இதுவரை செய்து பார்த்தது இது. மேட்சோடு கூடவே ஒரு குரூப் கால் போட்டு, அவன் வீட்டில் இன்னொரு போனில் அதை ஸ்பீக்கரில் விட்டு, பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பழைய ஆண்ட்ராய்டு போனில் கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைத் தமிழில் திறந்து வைத்தோம். அவன் மேசையைப் பார்த்தால் செல்போன் சர்வீஸ் கடை மாதிரி இருந்தது. தமிழ் நன்றாகவே எழுதுகிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் நாங்கள் பேசுவது தமிழா என்பதே கேள்வி. "ரஷ் பண்ணு" (பாய்ந்து தாக்கு) என்றால் "ரசம் பண்ணு" என்று வருகிறது. "நாக் ஆயிட்டேன்" (அடிபட்டு விழுந்துட்டேன்) என்றால் "நாக்கு ஆயிட்டேன்". ஒரு தடவை "ஹீல் போடு" என்றதை "கீழ போடு" என்று எழுதிவிட்டது, அவனும் நல்ல பிள்ளையாக முதலுதவிப் பெட்டியைக் கீழே போட்டான். செயலியில் நம் சொற்களைச் சேர்த்து வைக்க ஒரு இடம் இருக்கிறது, அங்கே போச்சின்கி, ஜார்ஜபூல் என்று கேம் வரைபடத்தில் இருக்கிற ஊர்களை எல்லாம் சேர்த்தபின் ஊர்ப் பெயர்கள் மட்டும் தேறின. அதைவிடப் பெரிய தொல்லை, எழுத்து வந்து சேர்வதற்குள் சண்டையே முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு கல்லூரியில் நடந்த போட்டிக்குப் பெயர் கொடுத்தோம். நாலு பேரும் அவர்கள் சேனலில் மைக்கை ஆன் செய்து உட்கார வேண்டும், ஏமாற்று வேலை நடக்காமல் பார்க்க அதுதான் விதி என்றார்கள். இவன் விஷயத்தைச் சொன்னதும் "அப்போ ஒரு மாற்று ஆளைப் போட்டுக்கோங்க ப்ரோ" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த அணியைக் கூப்பிட்டார்கள். அவன் பக்கத்தில் நின்றான். உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன்.

கேட்க வேண்டியது: எழுத்தை இன்னும் வேகமாக வரவைக்க வழி உண்டா? பிசி, கன்சோல் பக்கம் போனால் இதெல்லாம் ஒழுங்காக இருக்குமா (நண்பன் ஒருத்தனிடம் பிசி இருக்கிறது)? அப்புறம், இப்படி ஸ்குவாடில் விளையாடிய அனுபவம் யாருக்காவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.


டாப்_ஃபிராக்:

மினிமேப்பிலேயே காலடியும் துப்பாக்கிச் சத்தமும் குறியாக வருகிறதே, அதைப் பார்த்துக்கொண்டால் போதாதா? உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். போட்டி என்று வந்துவிட்டால் கால் அவுட் (எதிரி எங்கே என்று அணிக்குக் கத்திச் சொல்வது) வேகம்தான் எல்லாம். டெக்ஸ்ட் படித்துக்கொண்டே யாரும் சண்டை போட முடியாது.


அரைக்காது:

என் பெயரே சொல்லிவிடும். வலது காதில் மெஷின், இடது காது சும்மா அழகுக்கு. பன்னிரண்டு வருடமாக ஷூட்டர் விளையாடுகிறேன், அதனால் ஸ்னைப்பருக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், டாப்_ஃபிராக் சொன்னதில் பாதி சரி. சண்டை நடக்கும்போது படிக்க முடியாது, காது நன்றாகக் கேட்கிறவனாலும் முடியாது. ஆனால் அதற்குப் பதில் "அப்போ ஆளை மாற்று" என்பது அல்ல, சண்டையில் அவனிடம் பேசுவதை நிறுத்துங்கள் என்பதுதான். நீங்கள் வாயால் சொல்கிற கால் அவுட்டில் என்ன இருக்கிறது? எதிரி, இந்தத் திசை, இவ்வளவு தூரம். இதில் எதற்கும் வாய் தேவையில்லை.

ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாடியிருக்கிறீர்களா? 2019 பிப்ரவரியில் வந்தபோது எனக்கு அது ஒரு திருவிழா. மவுஸின் நடு பட்டனை ஒரு தடவை அழுத்தினால் நீங்கள் பார்க்கிற இடத்தில் ஒரு குறி, இரண்டு தடவை தட்டினால் "எதிரி" என்று சிவப்புக் குறி, பக்கத்தில் தூரம் மீட்டரில். தரையில் கிடக்கிற துப்பாக்கியைப் பார்த்து அழுத்தினால் அது என்ன துப்பாக்கி என்று அணிக்குப் போய்விடும், இன்னொருவர் அந்தக் குறியையே பார்த்து அழுத்தி "அது எனக்கு" என்று சொல்லிவைக்கலாம். இதில் முக்கியமானது எதுவென்றால், குறி விழும்போதே உங்கள் பாத்திரம் அதை வாய்விட்டும் சொல்லும். அதே ஒரு அழுத்தல் காது கேட்கிறவனுக்குக் குரலாகவும் எனக்குப் படமாகவும் போய்ச் சேர்கிறது. எனக்காக யாரும் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, அவன் தன் வசதிக்கு அழுத்தினாலே எனக்கும் வந்துவிடும். 2011-இல் போர்டல் 2-இன் இருவர் ஆட்டத்திலேயே சுட்டிக்காட்டுகிற கருவி உண்டு, ஆனால் முழு ஆட்டத்தையும் வாயைத் திறக்காமல் ஆடலாம் என்று காட்டியது ஏபெக்ஸ்தான். இப்படிக் குறி போடுவதைத்தான் பிங் என்கிறோம். அந்த பிங் முறைக்கு வாங்கியிருந்த காப்புரிமையை 2021-இல் மற்ற நிறுவனங்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று ஏபெக்ஸை வெளியிட்ட இஏ நிறுவனம் அறிவித்துவிட்டது, ஆகவே இப்போது ஒரு கேமில் நல்ல பிங் இல்லையென்றால் அது சோம்பேறித்தனம்தான்.

சத்தத்துக்கு ஃபோர்ட்நைட். நடு திரையைச் சுற்றி ஒரு வளையம், அதில் காலடி வருகிற பக்கம் காலடிப் படம், சுடுகிற பக்கம் துப்பாக்கிப் படம், பெட்டி இருந்தால் பெட்டிப் படம். 2018-இல் மொபைலுக்கு வந்தது, அப்புறம் பிசிக்கும் கன்சோலுக்கும் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் நான் எப்படி விளையாடினேன் தெரியுமா? ஐந்து நொடிக்கு ஒரு தடவை பேய் பிடித்த மாதிரி பின்னால் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். என் ஆட்டத்தைப் பார்த்த ஒருவர் "ஏன் ப்ரோ எதையோ தொலைச்சிட்டீங்களா" என்று கேட்டிருக்கிறார்.

தெரியாதவர்களோடு விளையாடுவது வேறு கதை. "மைக் ஆன் பண்ணு", பதில் இல்லை, திரும்ப "மைக் ஆன் பண்ணுடா", அப்புறம் கிக். இப்போது உள்ளே போனதும் முதல் வேலையாக "காது கேட்காது, பிங் போடுங்க" என்று தட்டிவிடுகிறேன். பாதிப் பேர் சரி என்பார்கள், மீதிப் பேரில் ஒருத்தன் "கேட்காதுன்னா ஏன் வந்த" என்பான். அவனுக்குப் பதில் ஸ்கோர்போர்டில் கொடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் ஸ்குவாடுக்கு: பிஜிஎம்ஐயின் குயிக் மெசேஜ் (ஒரே தட்டலில் அணிக்குப் போகிற தயார் வாக்கியங்கள்) பட்டியலை நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து, தேவையானதை மட்டும் வைத்து, ஒரே வரிசையில் அமைத்துக்கொள்ளுங்கள். அது குரலோடு போகும் என்பதால் தம்பி சொல்வதை நீங்கள் கேட்கலாம், இதை மறந்துவிடாதீர்கள், எல்லோரும் அவனுக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்றே யோசிக்கிறார்கள், அவன் உங்களுக்குச் சொல்ல வேண்டியது என்ன ஆகும்? அப்புறம் ஒரு விதி: முதலில் மார்க், பிறகு வாய். மார்க் போடாமல் கத்தினவன் அடுத்த மேட்சுக்கு டீ வாங்கித் தர வேண்டும்.

கடைசியாக ஒன்று. டிரான்ஸ்கிரைப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைச் சண்டையிலிருந்து எடுத்து லாபியில், அதாவது மேட்சுக்கு முன்னும் பின்னும் அணி கூடி நிற்கிற இடத்தில், வையுங்கள். மேட்சில் தோற்பது எனக்கு வலித்ததே இல்லை. மேட்ச் முடிந்து லாபியில் நிற்கும்போது மூன்று பேரின் பெயர் பக்கத்திலும் அந்தக் குட்டி ஸ்பீக்கர் படம் மின்னி மின்னி அணையும் பாருங்கள், என்னவோ பேசிச் சிரிக்கிறார்கள் என்று தெரியும், என்னவென்று தெரியாது. அங்கேதான் வலிக்கும். அங்கே எழுத்து மூன்று நொடி தாமதமாக வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.


பில்ட்_ஃபெயில்:

அரைக்காதுக்கு ஒரு சல்யூட். நான் ஒரு சின்ன ஸ்டுடியோவில் நெட்வொர்க் கோட் எழுதுகிறவன், பிசி/கன்சோல் கேள்விக்கும் வேகம் பற்றிய கேள்விக்கும் என்னால் பதில் சொல்ல முடியும்.

கன்சோலில் இது இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் 2021-இல் பார்ட்டி சாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள், பேசுவது எழுத்தாக வரும், நீங்கள் தட்டுவதை மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும். பிஎஸ்5 2020-இல் வந்தபோதே வைத்திருந்தது. 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இன் கேம்சாட்டிலும் உண்டு. இவர்களுக்கெல்லாம் திடீரென்று இரக்கம் சுரந்துவிடவில்லை. அமெரிக்காவில் 2010-இல் ஒரு சட்டம் போட்டார்கள், தகவல் தொடர்பு வசதி எதுவானாலும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று. கேம்களுக்கு மட்டும் விலக்கை நீட்டித்து நீட்டித்துக் கொடுத்தார்கள், அது 2018 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. அதற்குப் பிறகு அங்கே விற்கிற கேமில் சாட் இருந்தால் அது இந்தச் சட்டத்துக்குள் வரும். ஏபெக்ஸ் வந்த முதல் நாளே பேச்சை எழுத்தாக்கும் வசதியோடு வந்ததற்கும் அந்தத் தேதிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் பிசி, கன்சோல் வாங்க ஓடிவிடாதீர்கள். நான் சொன்ன மூன்று கன்சோலிலும் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. விண்டோஸ் 11-இல் விண்டோஸ் பொத்தானோடு கண்ட்ரோல், எல் அழுத்தினால் லைவ் கேப்ஷன் வரும், என் கணினியில் அதிலும் தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் பேசி விளையாடுகிற ஸ்குவாட் என்றால் நன்றாகவே வேலை செய்கிறது.

இனி உங்கள் மூன்று போன் ஏற்பாடு ஏன் சொதப்புகிறது என்று பார்ப்போம். மூன்று பேரின் குரலும் ஒன்றாகக் கலந்து, ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்து, அறையில் ஃபேன் சத்தத்தோடு சேர்ந்து, மறுபடி ஒரு மைக்கில் நுழைகிறது. காபியையும் டீயையும் கலந்து ஊற்றிவிட்டு எதில் எவ்வளவு சர்க்கரை என்று கேட்கிற மாதிரி. கேமுக்குள் நடப்பது வேறு. ஒவ்வொருவர் குரலும் தனித்தனி ஓடையாகத்தான் வருகிறது, கலப்பது கடைசிப் படி. கலக்கும் முன்னாலேயே எழுத்தாக்கினால் சத்தமும் சுத்தம், யார் பேசியது என்ற பெயரும் தானாகக் கிடைக்கும். கேம் ஸ்டுடியோக்கள் வாய்ஸ் சாட்டுக்கு எடுத்துப் பயன்படுத்துகிற சேவைகளான யூனிட்டியின் விவாக்ஸிலும் மைக்ரோசாஃப்டின் பிளேஃபேப் பார்ட்டியிலும் இந்த வசதி தயாராகவே இருக்கிறது, ஸ்டுடியோ உட்கார்ந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை என்று பீற்றிக்கொள்கிறேனே, நாங்களே சொதப்பிய கதை ஒன்று உண்டு. எங்கள் கோ-ஆப் (எல்லோரும் ஒரே அணியாக ஆடுகிற) கேமில் எழுத்தை இடது கீழ் மூலையில், வழக்கமான சாட் பெட்டிக்குள், வெள்ளை எழுத்தில் வைத்தோம். நாலு நொடியில் மறையும். பனிமலை லெவலில் வெள்ளை மேல் வெள்ளை! காது கேட்காத ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "நான் கேமைப் பார்க்கவா, மூலையைப் பார்க்கவா?" என்று எழுதிக் கொடுத்தார். அன்று இரவே எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை, அளவைக் கூட்டிக் குறைக்க வசதி, ஆளுக்கொரு நிறம், பெட்டியை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளும் உரிமை எல்லாம் வேலைப் பட்டியலில் ஏறின. எக்ஸ்பாக்ஸ் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்புகளில் 119-ஆவது முழுக்க இதைப் பற்றித்தான், முதலிலேயே படித்திருந்தால் மானம் மிஞ்சியிருக்கும்.

தாமதத்துக்கு வருவோம். ஒரு சொல்லைக் கேட்ட உடனே இயந்திரம் முடிவு செய்வதில்லை, அடுத்த சொல்லையும் கேட்டுவிட்டு முந்தையதைத் திருத்தும். அதனால்தான் எழுதி எழுதி அழிக்கிறது. தமிழில் இதில் கூடுதல் வம்பு ஒன்று இருக்கிறது. நமக்கு வினை கடைசியில், அந்த வினைக்குள்ளும் ஆமா இல்லையா என்பது கடைசி அசையில். "மாடியில இருக்கிறவனை இப்ப சுட..." வரைக்கும் வந்துவிட்டது, இனி அது "சுடு"வா "சுடாதே"வா? திரையில் ஒரு கணம் "சுடு" என்று தெரிந்து அடுத்த கணம் "சுடாதே" என்று மாறினால், அதற்குள் உங்கள் தம்பி சுட்டிருப்பான். எவ்வளவு வேகமான இயந்திரம் வந்தாலும் இந்த இடத்தில் காத்திருந்துதான் ஆக வேண்டும். அரைக்காது சொன்ன பிங் முறைக்கு இது என் பக்கத்துச் சாட்சி.

பிசி உள்ள நண்பர் கொஞ்சம் கைவேலை தெரிந்தவர் என்றால் 2022-இல் ஓப்பன்ஏஐ இலவசமாக வெளியிட்ட, பேச்சை எழுத்தாக்கும் விஸ்பரை ஓட்டிப் பார்க்கலாம், தமிழ் தெரியும். ஆனால் அது பேச்சைத் துண்டு துண்டாக எடுத்து வேலை செய்கிற ஜாதி, யாரும் பேசாதபோது தானாகக் கற்பனை செய்து எழுதும் பழக்கமும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு யாருமே பேசாமல் இருக்கையில் "பார்த்ததற்கு நன்றி" என்று திரையில் வந்து என்னைப் பயமுறுத்தியிருக்கிறது.

அதைவிட எளிய வழி ஒன்று சொல்கிறேன். லாபியில் மட்டும் நீங்கள் மூன்று பேரும் அவரவர் போனில், அவரவர் கீபோர்டின் மைக் பொத்தானை அழுத்தி, வாட்ஸாப் குரூப்பில் பேசியே எழுதுங்கள். உங்கள் வாய்க்குப் பக்கத்து மைக், ஒரே குரல், அனுப்பும் முன் ஒரு பார்வை பார்த்துத் திருத்தலாம், பெயரோடு போய்ச் சேரும். மூன்று போன் கடையைக் கட்டிவிடலாம்.


டாப்_ஃபிராக்:

சரி, ஒப்புக்கொள்கிறேன், அந்த "சுடாதே" விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் ஒரு சந்தேகம். ஃபோர்ட்நைட் வளையம் மாதிரி சத்தத்தைக் கண்ணால் காட்டினால் அது அநியாய லாபம் ஆகாதா? நான் ஹெட்செட்டுக்குப் பணம் போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அடுத்தவனுக்குப் படம் போட்டே காட்டுகிறது.


அரைக்காது:

நீங்களும் ஆன் செய்துகொள்ளலாமே, யார் தடுத்தார்கள்? அது எல்லோருக்கும் பொதுவான அமைப்பு, காது நன்றாகக் கேட்கிற ஆட்டக்காரர்கள் நிறையப் பேர் வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். உங்கள் ஹெட்செட்டில் மேலே கீழே, தூரம் பக்கம், காலுக்கடியில் மரமா கல்லா என்பது வரை கேட்கும். எனக்குக் கிடைப்பது ஒரு படம். லாபக் கணக்கு பார்த்தால் நான்தான் இன்னும் பாக்கி தர வேண்டியவனா?


டாப்_ஃபிராக்:

நேற்று ராத்திரி ஆன் செய்து விளையாடினேன். இனி ஆஃப் செய்ய மாட்டேன் போலிருக்கிறது. வாயை மூடிக்கொள்கிறேன்.


கைப்பேச்சு:

கேம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற ஆள், என் மகன் இந்த இழையைக் காட்டினான். எல்லோரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பேச்சை எழுத்தாக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். பிறவியிலிருந்தே காது கேட்காமல், சைகையில் வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் பல நேரம் இரண்டாம் மொழி. காதில் விழுந்து விழுந்து நமக்குத் தானாக ஏறிய "பண்ணிக்கிட்டிருந்தப்பதான்டா" மாதிரியான சொல்லை அவன் கண்ணால் மட்டும் பார்த்துக் கற்றிருக்க வேண்டும், எந்தப் பாடப்புத்தகத்தில் அது இருக்கிறது? நீங்கள் ஓடுகிற ஓட்டத்தில் கொட்டுகிற பேச்சுத் தமிழை ஒரு இயந்திரம் அப்படியே எழுதிக் காட்டினால், படிக்கத் தெரிந்த பிள்ளையும் திணறும். எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை, உங்கள் தம்பி நன்றாகவே எழுதுகிறான் என்று அவன் அனுப்பிய வரியைப் பார்த்தால் தெரிகிறது. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். நீங்கள் இவ்வளவு செய்திருக்கிறீர்கள், அவனுக்கு எது வேண்டும் என்று அவனிடம் கேட்டதாக உங்கள் பதிவில் ஒரு வரி கூட இல்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் தம்பி.

அப்புறம், நாலு பேரும் கொஞ்சம் சைகை கற்றுக்கொண்டால் என்ன? தில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 10,000 சொற்களுக்கு வீடியோ அகராதி போட்டிருக்கிறது, 2021-இல் வந்த மூன்றாம் பதிப்பு, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஊருக்கு ஊர் சைகை கொஞ்சம் மாறும், அதனால் அகராதியை அப்படியே மனப்பாடம் செய்யாமல் அவன் எப்படிக் காட்டுகிறானோ அப்படிக் கற்றுக்கொள்ளுங்கள். மேட்சுக்கும் மேட்சுக்கும் நடுவே வீடியோ கால் போட்டால் போதும், அப்போது கை சும்மாதானே இருக்கிறது. கேம் சொற்களுக்கு அகராதியில் சைகை இருக்காது, அதை நீங்கள் நாலு பேரும் சேர்ந்து உண்டாக்கிக்கொள்ளலாம். என் வகுப்புப் பையன்கள் கிரிக்கெட்டுக்கு அப்படித்தான் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள், அதில் அம்பயருக்கு அவர்கள் வைத்திருக்கிற சைகையை இங்கே விவரிக்க முடியாது.

என் மகன் இன்னொன்று சொல்கிறான், விஆர்சாட் என்ற கேமில் காது கேளாதவர்கள் கூடி, விர்ச்சுவல் கைகளாலேயே சைகையில் பேசிக்கொள்கிறார்களாம். விரல்களைத் தனித்தனியாகப் பிடித்துக் காட்டுகிற கண்ட்ரோலர் இருந்தாலும் விரலை ஒன்றின் மேல் ஒன்று பின்ன முடியாது என்பதால் சில எழுத்துகளுக்கு வேறு சைகையை அவர்களே ஏற்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். பார்த்தேன், கண்ணை எடுக்க முடியவில்லை.


அரியமங்கலம்_ஸ்னைப்பர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் கேட்ட கேள்வி சுருக்கென்று இருந்தது. அடுத்த நாளே அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: சண்டையில் எதுவும் வேண்டாம், மார்க் போதும், தன் மேசையிலிருந்து அந்த இரண்டு போனை முதலில் எடு, கண் போகிறது. லாபியில் என்ன பேசுகிறீர்கள் என்று மட்டும் சொல்லு. அரைக்காது அண்ணன் எழுதியதை அவன் படிக்கவே இல்லை, ஆனால் அப்படியே அதையே சொன்னான்.

ஒரு வாரம் நாங்கள் மூன்று பேரும் மேட்சுக்குள் மைக்கை அணைத்துவிட்டு விளையாடினோம். முதல் இரண்டு நாள் படுமோசம். வாயைத் திறந்து கத்திவிட்டு, யாருக்கும் கேட்காது என்று ஞாபகம் வந்து, அப்புறம் மார்க் போடுவதற்குள் செத்துப்போவோம். என் அம்மா உள்ளே வந்து "யார்கிட்டடா கத்துற" என்றார்கள். அந்த இரண்டு நாளும் அவன்தான் எங்களை இழுத்துக்கொண்டு திரிந்தான். வியாழக்கிழமை சிக்கன் டின்னர் (மேட்ச் வெற்றி), நாலு பேரும் உயிரோடு. இப்போது மைக் ஆன்தான், ஆனால் விரல் முந்திக்கொள்கிறது. டீ பாக்கி இதுவரை எனக்கு ஏழு.

லாபிக்குக் கீபோர்டு மைக் யோசனை நன்றாக வேலை செய்கிறது. நேரில் கூடும்போது மட்டும் நடுவில் ஒரு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப். அது பேச்சை மட்டுமல்ல, மற்ற சத்தத்தையும் அடியில் காட்டுகிறது, நாய் குரைத்தால் காட்டும், கை தட்டினால் காட்டும். "சிரிப்பு" என்று வந்தால் அவன் உடனே என் தொடையில் தட்டி "என்ன?" என்று கையை விரிப்பான். நானும் சொல்லியாக வேண்டும். சொல்லும்போது பாதி ஜோக் அசட்டுத்தனமாக இருப்பது எனக்கே தெரிகிறது, அவன் முகத்தைப் பார்த்தால் இதற்கா இவ்வளவு சிரித்தீர்கள் என்கிற மாதிரி இருக்கும்.

சைகை இதுவரை இருபது சொல் தேறியிருக்கிறது. ரஷ்ஷுக்கு அவனே ஒன்று வைத்தான்: கரண்டியால் பானையில் கலக்குவது. ரசம்! ஸ்குவாட் பெயரையும் கேட்காமலே ரசம் பாய்ஸ் என்று மாற்றிவிட்டான்.

கல்லூரிப் போட்டிக்காரர்களுக்கு நீளமாக ஒரு மெயில் போட்டேன், பதில் இல்லை. அதற்குள் பக்கத்து ஏரியாவில் ஒரு கேமிங் கஃபேக்காரர் மாத இறுதியில் போட்டி வைக்கிறார். போய்க் கேட்டதில் "மைக் எதுக்கு, அவன் திரைக்குப் பின்னாடி ஒரு ஆளை நிறுத்திட்டா போச்சு" என்றார். இதற்கு மேல் அவர் யோசிக்கவே இல்லை.

பில்ட்_ஃபெயில் ப்ரோ, ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. குயிக் மெசேஜ் பட்டியலில் நம் சொந்த வாக்கியத்தைச் சேர்க்க வழி உண்டா, இல்லை கொடுத்திருப்பதில்தான் பொறுக்க வேண்டுமா? தம்பி கேட்கச் சொன்னான். "டீ பாக்கி" என்று ஒன்று வேண்டுமாம்.